பழைய லாட்ஜா, புதிய காடா? ஆப்பிரிக்க சஃபாரி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவுக்கு ஆறு முறை சஃபாரி போயிருக்கிறேன். அதில் நான்கு முறை ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவை ஒட்டி, ஆற்றங்கரையில் இருக்கும் ஒரே லாட்ஜில்தான் தங்கினேன்: 2016 ஜூன், 2018 அக்டோபர், 2020 பிப்ரவரி, 2024 அக்டோபர். மற்ற இரண்டில் ஒன்று போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ சதுப்புநிலம், இன்னொன்று கென்யாவின் மாசாய் மரா புல்வெளிக் காப்பகம். அந்தப் பணத்துக்கு ஊரில் ஒரு வீடு கட்டியிருக்கலாம் என்பது என் அம்மாவின் கட்சி.

இந்தக் கணக்கைக் கேட்டதும் ஒரு சாரார், பார்த்த இடத்தையே ஏன் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், எங்களுக்கும் திரும்பப் போக ஆசைதான், ஆனால் என்று இழுக்கிறார்கள். இரு சாராருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். லாட்ஜின் பெயர் வேண்டாம். விளம்பரம் என் வேலையில்லை, குறையும் சொல்லப்போகிறேன்.

லாட்ஜ், கேம்ப் என்கிறீர்களே, அது ஓட்டல் மாதிரியா?

கட்டில், மெத்தை, குளியலறை, வெந்நீர் எல்லாம் உண்டு. ஒற்றுமை அத்தோடு முடிந்துவிடும். லாட்ஜ் என்றால் பெரும்பாலும் நிலையான கட்டடம். கேம்ப் என்றால் கூடாரமோ, புல் வேய்ந்த குடிலோ. லுவாங்வாவின் உட்காட்டு கேம்ப்கள் பலவற்றை மூங்கிலும் புல்லும் தட்டியுமாக ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். நவம்பரில் மழை இறங்கியதும் பிரித்துவிடுவார்கள். பாதை காய்ந்ததும் மறுபடி எழுப்புவார்கள். போன வருடம் படுத்த அறை இந்த வருடம் உலகத்திலேயே இருக்காது.

வாடகையில் சாப்பாடும், காலை ஒன்று மாலை ஒன்று என இரண்டு காட்டுப் பயணங்களும், வழிகாட்டியும் சேர்த்தி. விடியுமுன்னே எழுப்பிவிடுவார்கள். பத்து மணிக்குமேல் வெயில் ஏறியதும் திரும்பிவந்தால் பிற்பகல் மூன்றரை வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மாலையில் கிளம்பி, இருட்டியபின் விளக்கடித்துத் தேடிவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவோம். சின்ன லாட்ஜ்களில் அறைகளே ஆறு, எட்டுதான் இருக்கும். ஆகவே எந்த லாட்ஜ் என்று கேட்பது, எந்தக் காட்டில் யாரோடு ஒரே ஜீப்பில் உட்காரப் போகிறோம் என்று கேட்பதுதான்.

பார்த்ததையே நான்கு முறை பார்க்க அலுக்கவில்லையா?

லுவாங்வா அணை கட்டாத ஆறு. மழைக்குப் பெருகி, வெயிலுக்குச் சுருங்கி, ஒவ்வொரு வெள்ளத்திலும் கரையைத் தின்று வளைவுகளை மாற்றிக்கொண்டே இருக்கும். ஜூனில் நான் பார்த்தபோது புல் இடுப்பளவு நின்றது. விடியற்காலை ஜீப்பில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினோம். அக்டோபரில் அதே பாதையில் நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். தரையில் பச்சை என்பதே இல்லை. எஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் முதுகோடு முதுகு இடித்துக்கொண்டு கிடந்தன. செங்குத்தான ஆற்றங்கரை மண்ணில் நூற்றுக்கணக்கான வளைகள்; அவற்றிலிருந்து செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் குங்குமத்தை வாரி இறைத்ததுபோல் கிளம்பின.

பிப்ரவரியில் போனபோது அந்தப் பாதையில் கொஞ்சம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. எட்டு மாதத்துக்கு ஜீப் ஓடுகிற கருங்காலித் தோப்புக்குள் படகில் போனோம். முந்தைய முறை சிங்கம் படுத்திருந்த இடத்தின் மேலாக மிதந்துபோகிறோம் என்று வழிகாட்டி சொன்னதும் நான் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். அலுப்புக்கு மருந்து மாதத்தை மாற்றுவதுதான். அதே வாரத்தில் நான்கு முறை போயிருந்தால் எனக்கும் அலுத்திருக்கும்.

முதல் முறை போகப்போகிறோம். ஒரே இடமா, நாலைந்து இடமா?

பத்து நாள் என்றால் இரண்டு இடம். நான்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு காலைப் பயணத்தையோ மாலைப் பயணத்தையோ தின்றுவிடும். முதல் நாள் கண்ணும் பழகாது. புதரடியில் படுத்திருக்கும் சிங்கத்தை விரல் நீட்டிக் காட்டினாலும் மண்மேடாகவே தெரியும். மூன்றாம் நாள்தான் நாமாகவே ஒரு காதசைவைக் கண்டுபிடிப்போம். அந்த நேரம் பார்த்துப் பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள் பயண முகவர்கள்.

அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டதாக இருக்கட்டும். ஆறு ஒன்று, புல்வெளி ஒன்று. எது உங்கள் மனதுக்கு ஒட்டுகிறது என்று தெரிந்துகொள்ளவாவது முதல் பயணத்தில் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

போன இடத்துக்கே திரும்பிப் போவது எப்போது நியாயம்?

ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து எது நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள். சிங்கம் இத்தனை, யானை அத்தனை என்று கணக்கு வந்தால் புதிய இடத்துக்குப் போங்கள். ஆற்றின் ஒரு வளைவு, இரவில் குடிசைக்குப் பின்னால் நீர்யானை புல்லைப் பிடுங்கி மெல்லும் சத்தம், வழிகாட்டி வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்த பத்து நிமிடம், இவை நினைவுக்கு வந்தால் திரும்பிப் போக உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். தெற்கு லுவாங்வாவில் காண்டாமிருகம் கிடையாது. வேட்டைக்காரர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். 2003 முதல் வடக்கு லுவாங்வாவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், அது வேறு பூங்கா. சிவிங்கிப்புலியும் இங்கே இல்லை. உங்கள் பட்டியலில் அவை இருந்தால் இங்கே பத்து முறை வந்தும் பயனில்லை. மலைக் கொரில்லா வேண்டும் என்றால் உகாண்டா, ருவாண்டா, காங்கோ எல்லைக் காடுகளைத் தவிர வேறு வழியே இல்லை. பட்டியல் முடியாதவர்கள் முதலில் பட்டியலை முடித்துக்கொள்வது நல்லது. பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டு புதிய இடத்துக்கு ஏங்குவது இரண்டுக்கும் அநியாயம்.

போன முறை பார்த்த அந்தச் சிறுத்தை இப்போதும் இருக்குமா?

இதைக் கேட்டுவிட்டால் உங்களுக்குத் திரும்பிப் போகும் நோய் பிடித்துவிட்டது என்று பொருள்.

பெண் சிறுத்தைக்குச் சொந்த எல்லை உண்டு, அதைவிட்டு எளிதில் போகாது. காட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. அதனால் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் அதே சிறுத்தையைப் பார்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மீசை வரிசைக்கு மேலே இருக்கும் புள்ளிகளை எண்ணித்தான் வழிகாட்டிகள் அடையாளம் வைக்கிறார்கள். வலக்கன்னத்தில் மூன்று, இடக்கன்னத்தில் இரண்டு என்கிற மாதிரி. பழைய படங்களைக் கைபேசியில் கொண்டுபோங்கள். யானை என்றால் காதின் கிழிசல், ஒட்டகச்சிவிங்கி என்றால் கழுத்தின் கோலம்.

ஆண் சிங்கத்தின் கதை வேறு. ஒரு கூட்டத்தை ஆளும் ஆண்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் விரட்டப்படுவது சாதாரணம். புதிதாக வருபவை பழைய குட்டிகளைக் கொன்றுவிடும். 2018இல் ஜீப் நிழலில் வந்து படுத்துக்கொண்ட நான்கு குட்டிகளை 2020இல் தேடினேன். வழிகாட்டி பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். இதைத் தாங்க முடியாதவர்கள் ஒவ்வொரு முறையும் புதிய காட்டுக்குப் போவது மனதுக்கு நல்லது. அங்கே எல்லா விலங்கும் முதல் பார்வையில் நலமாகத்தான் இருக்கும்.

எங்கள் பழைய வழிகாட்டியையே கேட்டு வாங்கலாமா?

கேட்கலாம், முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். சின்ன லாட்ஜ்களில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் வழிகாட்டிகள் பல வாரம் தொடர்ந்து வேலை செய்துவிட்டு ஊருக்குப் போவார்கள். அந்த விடுப்பு எப்போது என்று கேட்டுத் தேதியை வையுங்கள். நான் 2018இல் விமான டிக்கெட்டை வாங்கிய பிறகுதான் இதைக் கேட்டேன். முதல் இரண்டு நாள் வேறொருவரோடு போக வேண்டியதாயிற்று.

பழகிய வழிகாட்டியின் அருமை மூன்றாம் நாள் தெரிந்தது. லுவாங்வா கரையில் சிவகுண்டல மரங்கள் நிறைய. நம் ஊர்க் கோயில்களிலும் பூங்காக்களிலும் சுரைக்காய்போலக் காய் தொங்குமே, அதுதான். ஆப்பிரிக்காதான் அதற்குத் தாய்வீடு. அதன் கருஞ்சிவப்புப் பூ விழுந்தால் இம்பாலா, பூக்கு என்ற மான் வகைகள் தேடிவந்து தின்னும். அவர் ஒரு மரத்தடியிலிருந்து நாற்பதடி தள்ளி வண்டியை நிறுத்தி, காத்திருக்கலாமா என்று மட்டும் கேட்டார். முதல் முறை வந்தவனிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார். அவனுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு விலங்கு காட்ட வேண்டும். ஐம்பது நிமிடம் ஒன்றுமில்லை. தொப்பென்று ஒரு பூ விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. ஒரு பூக்கு மான் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் மேலே கிளையில் கிளையாகவே கிடந்த சிறுத்தையின் வால் நுனி மட்டும் ஒருமுறை சுருண்டதைப் பார்த்தேன். மானும் ஏதோ உணர்ந்து சீழ்க்கையடித்து ஓடிவிட்டது. அவ்வளவுதான். வேட்டை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஆறு பயணத்தில் எது சிறந்தது என்றால் அந்த ஐம்பது நிமிடத்தைத்தான் சொல்வேன்.

வழிகாட்டி வேறு கேம்ப்புக்குப் போய்விட்டால் அவர் பின்னால் போவதா, லாட்ஜோடு இருப்பதா?

எனக்கு இது 2024இல் நடந்தது. அவர் ஆற்றின் மேல்பக்கம் இன்னொரு கேம்ப்புக்கு மாறியிருந்தார். நான் பழைய லாட்ஜிலேயே பதிவு செய்தேன். முதல் நாள் முழுக்கத் தப்புச் செய்துவிட்டோம் என்றே நினைத்தேன். புதிதாக அமைந்தவர் ஒரு இளம்பெண்; எனக்கு முன்பே தெரிந்த கதைகளைச் சொன்னார். இரண்டாம் நாள், எனக்குச் சிங்கம் வேண்டாம், உங்களுக்கு எது பிடிக்குமோ அதைக் காட்டுங்கள் என்றேன். அவர் வண்டியைத் திருப்பிக் காய்ந்த மடு ஒன்றுக்கு அழைத்துப்போய், அடியில் செத்துக்கொண்டிருந்த மீன்களுக்காகப் பெலிக்கன்களும் நாரைகளும் சண்டையிடுவதை ஒன்றரை மணி நேரம் காட்டினார். எட்டு ஆண்டில் நான் கவனித்தே இராத காடு அது.

என் கருத்து: லாட்ஜுக்கும் வழிகாட்டிக்கும் போட்டி என்றால் வழிகாட்டிதான் பெரிது. ஆனால் அவருடைய அறிவில் பாதி அந்தப் பத்துக் கிலோமீட்டர் நிலத்துக்குச் சொந்தமானது. புது இடத்தில் அவரும் ஓரிரு ஆண்டு புதியவர்தான். பக்கத்திலேயே போயிருந்தால் பின்தொடருங்கள். வேறு நாட்டுக்கே போயிருந்தால் ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள்.

திரும்ப வருகிறவர்களுக்குத் தள்ளுபடி உண்டா?

கேட்டால் உண்டு. பத்து சதவீதம் குறைப்பதைவிட, நான்கு இரவுக்கு மூன்று இரவுப் பணம், தனியாக வருபவரிடம் கூடுதல் கட்டணம் வாங்காமல் விடுவது, நல்ல அறை என்று வேறு வடிவில் தருவார்கள். மழைக்காலக் கட்டணம் இயல்பாகவே குறைவு. நல்ல கேம்ப் ஒன்றில் ஓர் இரவு ஒருவருக்கு ஐந்நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும் என்பதால் ஓர் இரவு இலவசம் என்பதே பெரிய தொகை.

அரசுக் கட்டணத்தில் மட்டும் பழைய முகத்துக்கு மரியாதை கிடையாது. மாசாய் மராவில் 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். நான் 2022இல் போனபோது இந்த 200இல் பாதிகூட இல்லை. போன முறை இவ்வளவுதான் ஆயிற்று என்ற நினைப்பில் திட்டம் போடாதீர்கள்.

அவ்வளவு பணம் எங்களால் முடியாது. குறைந்த செலவில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வழி உண்டா?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். ஸ்குகூசா, சட்டாரா, லோயர் சாபி என்று அரசே நடத்தும் தங்குமிடங்கள் உண்டு. சமையல் வசதியுள்ள குடில்கள். வாடகைக் காரை நீங்களே ஓட்டலாம். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40, அதற்குமேல் கூடாது. பொழுது சாய்வதற்குள் வாசலுக்குள் வந்துவிட வேண்டும்; தாமதித்தால் அபராதம். அந்நாட்டுக் குடும்பங்கள் பல, பள்ளி விடுமுறைதோறும் அதே தங்குமிடத்துக்குத்தான் வருகின்றன. திரும்பிப் போவது பணக்காரர் வழக்கம் என்று நினைப்பவர்கள் அவர்களைப் பார்க்க வேண்டும்.

மரா பார்த்தாகிவிட்டது. அடுத்து செரெங்கெட்டியா, மறுபடியும் மராவா?

இரண்டும் ஒரே நிலம். நடுவில் கென்யா–தான்சானியா எல்லைக்கோடு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான் கூட்டம் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. பிப்ரவரி வாக்கில் தெற்கே ந்டுட்டு பக்கம் குட்டி போடும். ஜூனில் க்ருமெட்டி ஆற்றருகே. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மரா ஆற்றைக் கடக்கும். நீங்கள் ஆகஸ்டில் மராவைப் பார்த்திருந்தால், பிப்ரவரியில் ந்டுட்டுவுக்குப் போவது புது இடத்துக்குப் போவதாகவும் இருக்கும், பழைய கூட்டத்தையே போய்ப் பார்ப்பதாகவும் இருக்கும்.

மராதான் வேண்டும் என்றால் இம்முறை காப்பகத்துக்கு வெளியே நபோய்ஷோ, வடக்கு மரா போன்ற சமூகப் பாதுகாப்பு நிலங்களில் தங்குங்கள். மாசாய்க் குடும்பங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து உருவானவை. காப்பகத்துக்குள் அனுமதியில்லாத இரவுப் பயணம், நடைப் பயணம் இரண்டும் இங்கே உண்டு. ஒரு சிங்கத்தைச் சுற்றி எத்தனை வண்டி நிற்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகக் காத்திருந்தபோது என்னைச் சுற்றி நாற்பது வண்டிக்குமேல் எண்ணினேன். அதற்குத் திரும்பிப் போக மாட்டேன்.

ஒக்கவாங்கோவில் படகில் போனோம், அற்புதம். திரும்பப் போனால் அதே தண்ணீர் இருக்குமா?

அங்கோலா மலைகளில் பெய்யும் மழை பல மாதம் பயணித்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வந்து விரிகிறது. அங்கே மழை குறைந்தால் இங்கே வெள்ளம் இல்லை. நான் போன 2019 ஜூலையில் அதுதான் நடந்தது. விளம்பரப் படத்தில் அல்லி பூத்த நீராக இருந்த இடத்தில் வெடித்த சேற்றைப் பார்த்தேன். மறு ஆண்டே வெள்ளம் நன்றாக வந்தது. அதே நாட்டின் சவுட்டி கால்வாய் 1982இல் வற்றி, கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் மறுபடி ஓடியது.

திரும்பிப் போவதானால் அங்கோலாவில் அந்த ஆண்டு மழை எப்படி என்று மார்ச் மாதமே லாட்ஜிடம் விசாரியுங்கள். ஆற்றின் உட்பகுதியில், ஆழமான கால்வாய் ஓரம் இருக்கும் கேம்ப் என்றால் ஆபத்து குறைவு.

போன முறை மிக நன்றாக இருந்தது. திரும்பப் போய் ஏமாந்துவிட்டால்?

கொஞ்சம் ஏமாறுவீர்கள். இரண்டாம் பயணத்தின் முதல் நாள் எப்போதும் சப்பென்றுதான் இருக்கும். முதல் முறை மூச்சை அடைத்தது இம்முறை, ஆமாம், இதுதான் என்று தோன்றும். மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

லாட்ஜே மாறிப்போவதுதான் நிஜமான சிக்கல். 2020க்கும் 2024க்கும் இடையில் என் லாட்ஜ் கைமாறியது. ஆறு அறை பத்தாயிற்று. ஆற்றைப் பார்த்து எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் நீச்சல் குளம் வந்துவிட்டது. ஆளுக்கொரு மூலையில் தனி மேசை. முன்பு யானை வந்தால் பரிமாறுகிறவரும் நாமும் சேர்ந்து மூச்சடக்கி நிற்போம். இப்போது குளத்தில் யானை தும்பிக்கை விடுவதைப் படமெடுக்க வரிசை. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேலாளர் அவரேதானா? அறைகளின் எண்ணிக்கை அதேதானா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அதைப் புதிய இடமாகவே எண்ணி, மற்ற புதிய இடங்களோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

பாதி பழையது, பாதி புதியது என்று வைத்துக்கொள்ளலாமா?

இதுதான் பலருக்கும் நான் சொல்லும் வழி. வரிசை முக்கியம்: புதியது முதலில், பழையது கடைசியில். மாற்றிப் போட்டால் புது இடத்தின் முதல் நாள் தடுமாற்றம் முழுக்க, அங்கே எப்படி இருந்தது தெரியுமா என்ற புலம்பலிலேயே போகும். புதிய இடத்துக்கு நான்கு இரவு, பழைய இடத்துக்கு மூன்று போதும். அங்கே உங்களுக்கு முதல் நாள் பழகும் வேலை கிடையாது.

இடையில் சிறு விமானம் என்றால் பெரும்பாலும் 15 கிலோவுக்குள், சக்கரமில்லாத துணிப்பை. கேமராவும் அதில் சேர்த்தி. பழைய லாட்ஜுக்கு என்று நீங்கள் வாங்கிவைத்த பரிசுகளும்தான்.

எனக்குப் பழைய இடம் வேண்டும், என் மனைவிக்குப் புதிய இடம். எப்படித் தீர்ப்பது?

ஒரே பூங்காவில் வேறு பகுதி. எங்கள் வீட்டு வழக்கும் இப்படித்தான் தீர்ந்தது. தெற்கு லுவாங்வா ஏறத்தாழ 9,050 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்குக் கிழக்கே ந்செஃபு பகுதி தனி உலகம். 1950ஆம் ஆண்டு வாக்கில் அந்த நிலத்தின் தலைவர் ந்செஃபுவும் வனவிலங்கு அதிகாரி நார்மன் காரும் சேர்ந்து, சுற்றுலா வருமானம் ஊர் மக்களுக்கே போகும்படி அந்தப் பகுதியை ஒதுக்கினார்கள். கையில் கேமராவோடு நடந்து பார்க்கும் சஃபாரி வளர்ந்ததும் இந்தப் பள்ளத்தாக்கில்தான். இப்போதும் நடைப் பயணத்தில் முன்னால் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் நடப்பார். நாம் ஒற்றை வரிசையில் பின்னால்.

2020இல் மூன்று நாள் நான் லாட்ஜில் இருந்தேன், மனைவி ந்செஃபுவில் நாரைக் கூட்டத்தைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் போயிருக்கலாம்.

பெற்றோரையும் பிள்ளைகளையும் என் பழைய இடத்துக்கு அழைத்துப்போகலாமா?

தாராளமாக. வயதானவர்களுக்குப் பழகிய லாட்ஜ்தான் வசதி. எந்த அறைக்குப் படி குறைவு, இரவில் யார் கூடவே வந்து அறையில் விடுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் விஷயத்தில், நடைப் பயணத்துக்குப் பன்னிரண்டு வயது என்பது பல கேம்ப்களில் விதி.

நீங்கள் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 2024இல் என் தம்பி மகனுக்கு, இந்த வளைவில் போனமுறை, அந்த மரத்தில் போனமுறை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாம் நாள் மாலை அவன், பெரியப்பா, நான் இந்த முறையைப் பார்த்துக்கொள்கிறேனே என்றான். ஜீப்பில் மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் இரண்டு நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஒவ்வொரு முறையும் போட வேண்டுமா?

வேண்டாம். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய மஞ்சள் புத்தகத்தில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் செல்லும். கென்யா போன்ற நாடுகளிலிருந்து இந்தியா திரும்பும்போது கேட்பார்கள், தொலைத்துவிடாதீர்கள். முதல் முறை போடுகிறவர்கள் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். மலேரியா மாத்திரை மட்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக, மருத்துவரைக் கேட்டு.

சைவச் சாப்பாடு?

கிடைக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நான்கு நாளும் பாஸ்தாதான். ஜாம்பியாவில் அவர்களுடைய சாப்பாட்டையே கேளுங்கள்: ந்ஷீமா என்ற மக்காச்சோளக் களி, அதோடு பூசணி இலையும் நிலக்கடலைப் பொடியும் சேர்த்து வேகவைத்த கூட்டு. கையால் உருட்டிச் சாப்பிடுவதுதான் முறை. மூன்றாம் முறை போனபோது நான் இறங்கிய அன்று மதியமே அது மேசைக்கு வந்தது. நான் கேட்கவில்லை.

சரி, அடுத்து எங்கே? ஐந்தாவது முறையும் லுவாங்வாதானா?

இல்லை என்று முடிவு செய்திருந்தேன். ஜாம்பியாவிலேயே கஃபூயே, ஏறத்தாழ 22,400 சதுர கிலோமீட்டர், நாட்டின் மிகப் பெரிய பூங்கா. அதன் வட கோடியில் புசாங்கா சமவெளி ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடக்கும். தண்ணீர் வற்றும் மாதங்களில்தான் உள்ளே போக முடியும். ஆகஸ்டில் நான்கு இரவுக்கு முன்பணமும் கட்டிவிட்டேன்.

போன மாதம் பழைய வழிகாட்டியிடமிருந்து ஒரு படம் வந்தது. மழைக்கு ஆறு கரையை அறுத்து, அந்தச் சிவகுண்டல மரத்தைச் சாய்த்துவிட்டிருக்கிறது. பாதி வேர் வானத்தில், பாதிக் கிளை தண்ணீரில். அடிமரத்தின் மேல், நடுவில், ஒரு சிறுத்தை உட்கார்ந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் கன்னப் புள்ளிகளை எண்ணினேன். நான் பார்த்த பழையது இல்லை. பெண் குட்டிகள் பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே தங்கும் என்பதால் அதன் மகளாக இருக்கலாம்.

கஃபூயே நான்கு இரவு, பிறகு லுவாங்வா மூன்று இரவு. இம்முறை அவருடைய கேம்ப்பில்.